நாலாவது சிங்கிள்

தம்பி, அந்தப் பையைக் கீழ வச்சுட்டுத் தாராளமா உக்காருங்க. மூணு பேர் சீட்டுதான் இது. அவ ஜன்னல் ஓரமா இருக்கட்டும், வெளிய பாத்துக்கிட்டே வருவா. என் வீட்டுக்காரி. சௌந்தரம்னு பேரு. தூங்குற மாதிரி இருக்கா, தூங்கல. நாம பேசுறது காதுல விழும். விழுந்தாலும் ஒண்ணுமில்ல, பேச்சு அவளைப் பத்தித்தான்னு அவளுக்குத் தெரியாது.

மதுரைக்கா போறீங்க? நாங்களும் அங்கதான். பதினொரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. இப்ப மணி என்ன? ஒன்பது இருபத்தஞ்சா. சாத்தூர்ல எடுக்கும்போதே அஞ்சு நிமிசம் லேட்டு. இந்த டிரைவரைப் பாருங்க, கியர் மாத்துறதுக்கே நாள் பாக்குறான். குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. நானும் அந்த சீட்டுல முப்பத்தொரு வருசம் உக்காந்தவன். அய்யாத்துரைன்னு சாத்தூர் டெப்போவுல கேட்டுப் பாருங்க. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தினது கிடையாது. ஒரு நாள் வண்டி லேட்டா எடுத்தது கிடையாது. ரிட்டயர் ஆகி எட்டு வருசம் ஆச்சு. இப்பவும் காலு சும்மா இருக்க மாட்டேங்குது, பாருங்க, அவன் பிரேக் போட வேண்டிய எடத்துல நான் இங்க அமுக்கிக்கிட்டு இருக்கேன்.

டைமுன்னா டைமு. சாத்தூர்ல இருந்து மேக்க, ஒண்ணரை மணி நேர ரூட்டு. கடைசி ஊரு நடுவக்கரைப்பட்டி. இங்க இருந்து அங்க போனா ஒரு சிங்கிள், திரும்பி வந்தா ஒரு சிங்கிள். அஞ்சரைக்கு மொத சிங்கிள் எடுப்பேன். ஏழு இருபதுக்கு அங்க இருந்து ரெண்டாவது. ஒன்பது இருபதுக்கு மூணாவது. பதினொண்ணு பத்துக்கு அங்க இருந்து நாலாவது. அதுல வந்து சேந்தா பன்னெண்டு நாப்பது. வழியில இருக்கிற பதினாலு ஊர்லயும் யார் வீட்டுலயும் கடிகாரம் பாக்க மாட்டாங்க தம்பி. அய்யாத்துரை வண்டி ஆரன் கேட்டுச்சா, பிள்ளைகளைக் குளிக்க ஊத்து. அய்யாத்துரை வண்டி திரும்பிருச்சா, மாட்டை அவுத்துக் கட்டு. காலை, மத்தியானம், பொழுது சாயுறது எல்லாம் என் வண்டிதான் அவங்களுக்கு. ஒரு கிழவர் சொல்லுவாரு, "சூரியன் கூட மழைக்காலத்துல மட்டம் போடுது, இவன் போட மாட்டேங்குறான்"னு. பெருமைக்குச் சொல்லல. நடந்ததைச் சொல்றேன்.

என்ன பேசிக்கிட்டு இருந்தோம்? ஆங், டாக்டரு.

டாக்டர்கிட்ட இவளுக்கு இன்னைக்குப் பரீட்சை. சிரிக்காதீங்க. நெசமாத்தான். இருவது கேள்வி கேப்பாங்க. என்ன கிழமை, என்ன மாசம், இது என்ன ஊரு, இப்ப காலையா மத்தியானமா. மூணு பொருள் பேரைச் சொல்லி, செத்த நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லுன்னு கேப்பாங்க. போன தடவை ஆறு மார்க்கு வாங்கினா. பாஸ் மார்க்கு எவ்வளவு சார்னு கேட்டேன். "இது பரீட்சை இல்லைங்க ஐயா"ன்னாரு. பரீட்சை இல்லாமலா மார்க்கு போடுவாக?

இன்னைக்கு அவ தேறலைன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க தம்பி. அதான் விசயம். என் மக இந்திராணி நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருவா. கோயமுத்தூர்ல இருக்கா. அங்க ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கா. இந்த மாதிரி மறதி வந்த பொம்பளைகளைப் பாத்துக்கிற எடம். சுத்தமா இருக்கும், நர்சு இருக்கும், தோட்டம் இருக்கும். எல்லாம் இருக்கும். ஆம்பளைக்கு எடம் இல்ல. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாமாம். நாப்பத்திநாலு வருசம் ஒரு வீட்டுல இருந்தவளை ரெண்டு ஞாயித்துக்கிழமை பாக்கணும்னா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

மகளைக் குறை சொல்ல முடியாது. அவ பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. "அப்பா, ஒரு நாளு லாரி அடிச்சுப் போட்டிருச்சுன்னா யாரைப் போய் கேக்குறது"ன்னா. பைபாஸ் ஓரத்துல எங்க வீடு. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நான் வேலையில இருக்கிறப்ப நாலாவது சிங்கிள் எங்க வீட்டு ஸ்டாப்பைத் தாண்டித்தான் ஸ்டாண்டுக்குப் போகும். பன்னெண்டரைக்கு அந்த எடத்துல இவ டிபன் கேரியரோட நிப்பா. வண்டியை நிப்பாட்டுறது கிடையாது, மெதுவாக்குவேன், அவ்வளவுதான். டிரைவர் ஜன்னல் எந்தப் பக்கம்? வலப்பக்கம். அப்ப அவ எங்க நிக்கணும்? ரோட்டு ஓரத்துல நின்னா கண்டக்டர் கையிலதான் குடுக்கணும். குடுக்க மாட்டா. என் கையிலதான் குடுக்கணும் அவளுக்கு. அதனால நடு ரோட்டுல நிப்பா. கேரியரைத் தூக்கி நீட்டுவா, நான் ஒரு கையால வாங்கிக்கிட்டே போயிருவேன். ஒரு வார்த்தை பேச நேரம் இருக்காது. முப்பத்தொரு வருசம். டெப்போவுல எல்லா டிரைவர் பொண்டாட்டியும் இப்படித்தான். அப்ப அது ஒத்தை ரோடு, மணிக்கு நாலு வண்டி போகும். இப்ப நாலு வழிச் சாலை. நிமிசத்துக்கு நாப்பது வண்டி.

மூணு வருசமா இவளுக்கு மறதி. மொதல்ல சாவியை மறந்தா, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி பேரை மறந்தா. ஒரு நாளு மத்தியானம் பாத்தா ஆளைக் காணோம். தேடிக்கிட்டு ஓடுறேன், கேரியரோட நடு ரோட்டுல நிக்கிறா. ரெண்டு பக்கமும் லாரி ஆரன் அடிச்சுக்கிட்டுப் போகுது, இவ பாட்டுக்கு மேக்க பாத்துக்கிட்டு நிக்கிறா. கையைப் பிடிச்சு இழுத்தேன். "விடுங்க, அவுக வண்டி வர்ற நேரம்"ங்கிறா. நான்தான்டி அவுகன்னு சொன்னேன். என்னை ஏற இறங்கப் பாத்தா. அந்தப் பார்வை வேண்டாம் தம்பி, அதை விடுங்க.

அப்புறம் தினமும் போக ஆரம்பிச்சா. சரியா பன்னெண்டரை. ஒரு நிமிசம் முன்னப் பின்ன கிடையாது. நான் பின்னாடியே போயிருவேன். ஒரு நாளு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு, டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தி மேக்க இருந்து வந்தேன். ஓரமாக் கூட்டிக்கிட்டு வந்து கையை நீட்டினேன். கேரியரைக் குடுத்தா. "இன்னைக்குக் கொழம்புல உப்பு கூடிருச்சு, மோர் நெறைய ஊத்திக்கோங்க"ன்னா. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. வீட்டுக்குப் போயி படுத்து நல்லாத் தூங்கினா. மொத நாள் கேரியருக்குள்ள வெறும் தண்ணி. ரெண்டாம் நாள் பச்சரிசி. நான் ஒண்ணும் சொல்லல, வாங்கிக்கிட்டேன்.

ஒரு ஏழெட்டு நாள் அப்படி ஓடுச்சு. அதுக்குள்ள இந்திராணி லீவுக்கு வந்தவ பாத்துட்டா. "உங்க ரெண்டு பேருல யாருக்குப்பா மறதி"ன்னு கேட்டா. அழுதா. "நீங்களே இப்படி நடிச்சா அம்மாவுக்கு எப்படித் தெளியும்"னா. வாஸ்தவம்தான்னு பட்டுச்சு. சட்டையைக் கழட்டி வச்சுட்டேன். கேரியரை ஒளிச்சு வச்சேன். இவ கையில எதுவும் இருக்கக் கூடாதுன்னு அடுப்பு வேலைக்கு ஒரு ஆளைப் போட்டேன். தண்ணி பிடிக்கிறது, பாத்திரம் கழுவுறது, துணி காயப் போடுறது, எல்லாத்துக்கும் ஆளு. ஒரு துரும்பு எடுத்துப் போட விடுறது இல்ல. மகாராணி மாதிரி வச்சிருக்கேன். சேர்ல உக்காந்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

ஆனா பாருங்க, நோய் முத்திப் போச்சு. முன்னாடியாவது பன்னெண்டரைக்குத்தான் போவா. எல்லா வேலையையும் நிப்பாட்டின பிறகு எப்ப போறான்னே தெரியல. காலையில ஏழு மணிக்குக் கதவைத் தட்டுறா, மூணு மணிக்குத் தட்டுறா, விளக்கு வச்ச பிறகு தட்டுறா. எந்நேரமும் அவுக வர்ற நேரம்ங்கிறா. என்ன ரெஸ்ட் குடுத்தும் பிரயோசனம் இல்ல.

இப்படி அவளுக்கு நேரம் தப்புறதுக்கு முன்னாடிதான், இந்திராணி லீவுல இருக்கும்போதே, மொதத் தடவை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். ரெண்டு மாசம் ஆச்சு. அதை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. நல்ல டாக்டர்தான், சின்ன வயசு, பொறுமையாக் கேட்டாரு. "அம்மா, இப்ப காலையா, மத்தியானமா, சாயங்காலமா?" இவ ஜன்னலைக் கூடப் பாக்கல. "நாலாவது சிங்கிள் எடுத்திருப்பாக. நான் உலை வைக்கணும். என்னைச் சீக்கிரம் விடுங்க சார்"ன்னா. டாக்டருக்குப் புரியல. என்னைப் பாத்தாரு. இந்திராணி என்னைப் பாத்தா. எனக்கு வெக்கமாப் போச்சு. படிச்சவங்க முன்னாடி இப்படிப் பேசுறாளேன்னு. "ஒண்ணும் இல்ல சார், சும்மா உளறுறா"ன்னுட்டேன். அவர் கட்டத்துல ஒரு முட்டை போட்டாரு.

திரும்பி வர்றோம். இதே மாதிரி சீட்டு. விருதுநகர் தாண்டினப்ப எனக்குத் திடீர்னு அந்த ரூம்ல இருந்த கடிகாரம் கண்ணுல வந்துச்சு. அவ சொன்னப்ப மணி பதினொண்ணு பன்னெண்டு. நாலாவது சிங்கிள் எத்தனை மணிக்கு? பதினொண்ணு பத்து. ரெண்டு நிமிசம்தான் தம்பி. அந்தக் கடிகாரம் அவ முதுகுக்குப் பின்னாடி, கையில வாட்ச் இல்ல, வெயில் தெரியாமத் திரை போட்ட ஏசி ரூமு, ரெண்டு நிமிச வித்தியாசத்துல சொல்லியிருக்கா.

அப்படின்னா டாக்டர்கிட்ட திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்ல? அவர் பேப்பர்ல சிங்கிள்னு ஒரு கட்டம் இல்லையே. அவர் கேட்டது காலையா மத்தியானமா. கேட்டதுக்குத் தான பதில் சொல்லணும்? வண்டி சாத்தூர் போகுமான்னு கேட்டா, போகும், போகாதுன்னுதான் சொல்லணும். அதனால நான் என்ன முடிவுக்கு வந்தேன்னா, இவளுக்கு நேரம் தெரியுது, வார்த்தைதான் தெரியல. வார்த்தையைச் சொல்லிக் குடுத்துட்டாப் போதும்.

அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். இந்தா, பையில இருக்கு, பாருங்க. மொதப் பக்கத்துல பெருசா எழுதியிருக்கேன். விடியக்காலை. காலை. முற்பகல். மத்தியானம். பிற்பகல். சாயங்காலம். ராத்திரி. இந்திராணி பிள்ளையோட பாடப் புத்தகத்துல முற்பகல், பிற்பகல் இருந்துச்சு, டாக்டர் ஒருவேளை அப்படிக் கேட்டாருன்னா? அதனால அதையும் சேத்துக்கிட்டேன். முற்பகல்னு வாசிச்சதும், "அது என்ன பலகாரம்"னு கேட்டா. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அன்னைக்கு ஒரு நாள்தான் சிரிச்சது.

சொல்லிக் குடுக்கிறது லேசு இல்ல தம்பி. காலையில எட்டு மணிக்கு வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாட்டி, பாரு, வெயில் எதிர் வீட்டுச் சுவத்துல விழுது, இது காலைன்னு சொல்லுவேன். சரிம்பா. பத்தரைக்குக் கூட்டிக்கிட்டு வந்து, இது என்னன்னு கேப்பேன். யோசிப்பா. "வெயில் இப்ப சுவத்துல இல்லையே, அப்ப காலை இல்ல"ம்பா. இல்லடி, இதுவும் காலைதான். "அப்ப காலை எங்க முடியுது"ன்னு கேட்டா. என்ன பதில் சொல்லுவீங்க நீங்க? பதினொண்ணு காலைதானே? பதினொண்ணரை? பன்னெண்டு அடிச்சா மத்தியானம்னு வச்சுக்கிட்டாலும், பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கிறப்ப அது என்னது? சாயங்காலம் எப்ப வருது? மூணு மணிக்குக் கேட்டா மத்தியானம்ங்கிறோம். நாலுக்கு? எங்க டெப்போவுல நாலு மணிக்கு எடுக்கிற வண்டி சாயங்கால வண்டி, மூணே முக்காலுக்கு எடுக்கிறது மத்தியான வண்டி. அந்தக் காமணி நேரத்துல வானத்துல என்ன மாறுச்சு? இத்தனை வருசம் இந்த வார்த்தையெல்லாம் வாயில போட்டுக்கிட்டு இருந்திருக்கேன், ஒண்ணுக்கும் எல்லை தெரியல எனக்கு. வண்டிக்குன்னா மணி, நிமிசம் இருக்கு. மனுசன் வார்த்தைக்கு இல்ல. ஆனா டாக்டர் கட்டத்துல ஏதாச்சும் ஒண்ணைத்தான் எழுதுவாரு. அதனால நான் அவகிட்ட, எல்லையெல்லாம் கேக்காத, நான் சொல்றதை மட்டும் சொல்லுன்னுட்டேன்.

பெரிய தொந்தரவு எதுன்னா அந்தச் சிங்கிள்தான். நான் இது என்னன்னு கேட்டா, வாய் தன்னால "ரெண்டாவது சிங்கிள் வந்திருச்சு"ங்கும். சொல்லாதேன்னு சொன்னேன். நூறு தடவை சொன்னேன். சிங்கிள்னு சொன்னா டாக்டர் முட்டை போடுவாரு, முட்டை போட்டா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க, நான் தனியாக் கெடக்கணும்டின்னு சொன்னேன். தலையை ஆட்டுவா. மறுபடியும் சிங்கிள். ஒரு நாளு எனக்குக் கோவம் வந்து, கையில ஸ்கேல் இருந்துச்சு, கோடு போடுறதுக்கு வச்சிருந்தது, அதால கையில லேசா ஒரு தட்டு. லேசாத்தான். நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல போட மாட்டாங்களா, அந்த மாதிரி. அப்படிப் பாக்காதீங்க தம்பி. நாப்பத்திநாலு வருசத்துல நான் அவளைக் கை நீட்டினது கிடையாது. எனக்கு வேற வழி தெரியல. நாள் ஓடிக்கிட்டே இருக்கு, ரெண்டு மாசம்னா அறுபது நாளு, அதுல முப்பது நாளு போயிருச்சு, இவ இன்னும் சிங்கிள்ங்கிறா.

ஒரு தடவையோட நிக்கல. பொய் சொல்ல மாட்டேன். அஞ்சாறு தடவை இருக்கும்.

ஆனா பலன் இருந்துச்சு. படிப்படியாக் கொறைஞ்சுது. போன வாரத்துல இருந்து சிங்கிள்ங்கிற பேச்சே இல்ல. கதவைத் தட்டுறதும் இல்ல. கேரியரைத் தேடுறது இல்ல, மேக்க பாக்குறது இல்ல. சேர்ல உக்காந்தா உக்காந்த எடம்தான். இந்திராணிக்கு போன்ல சொன்னேன், அம்மா எவ்வளவோ தேவலை, ரோட்டுப் பக்கம் போறதே இல்லைன்னு. "நெசமாவாப்பா"ன்னு கேட்டா. அவளுக்கும் சந்தோசம்தான், தாயைக் கொண்டு போய் விடணும்னு எந்தப் பிள்ளைக்கு ஆசை? இன்னைக்குப் பாஸாயிட்டா விட்டுருவா. சொன்ன சொல்லு மாற மாட்டா, என் ரத்தம்.

இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கு தம்பி. ராத்திரி முழுக்கத் தூங்கல. என்னன்னா, நான் கேட்டா நூத்துக்கு நூறு சொல்றா. நேத்து மத்தியானம் கேட்டேன், மத்தியானம்னா. சாயங்காலம் கேட்டேன், சாயங்காலம்னா. ஆனா சொல்றப்ப என் முகத்தையே பாக்குறா. வெயிலைப் பாக்குறது இல்ல, வாசலைப் பாக்குறது இல்ல, என் உதட்டைப் பாக்குறா. நான் கா-ன்னு உதட்டைத் தொறந்தா காலைங்கிறா, ம-ன்னு மூடினா மத்தியானம்ங்கிறா. எனக்கே தெரியாம நான் காட்டிக் குடுத்துடுறேன் போல. அங்க டாக்டர் என்னை வெளிய நிக்கச் சொல்லிட்டாருன்னா? போன தடவையே பாதியில வெளிய நிக்கச் சொன்னாரு.

திருமங்கலம் வந்துருச்சா? அதுக்குள்ளயா? பரவாயில்ல, இவன் ஓட்டத் தெரிஞ்சவன்தான். மணி? பத்து இருவது. இன்னும் நாப்பது நிமிசம்.

தம்பி, ஒரு உதவி கேக்கலாமா உங்ககிட்ட. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க, சட்டைப் பையில பேனா வச்சிருக்கீங்க, பாத்தா அந்த டாக்டர் வயசுதான் இருக்கும். நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். எனக்கு எதிர்ல வேண்டாம். நீங்க நடுவுல வாங்க, நான் இந்த ஓரத்துக்கு வந்து அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். என் முகம் அவளுக்குத் தெரியாது. வெளியாள் கேட்டாச் சொல்றாளான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும். சொல்லிட்டான்னா நான் தைரியமா உள்ள அனுப்புவேன். சொல்லலைன்னா, இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு, இன்னொரு தடவை படிக்க வச்சுருவேன்.

வாங்க, வாங்க. பாத்து. கம்பியைப் பிடிச்சுக்கோங்க, இவன் சொல்லாம பிரேக் போடுவான். அம்மான்னு கூப்பிடுங்க. மரியாதையாக் கேட்டாத்தான் பதில் சொல்லுவா. அம்மா, இப்ப காலையா, மத்தியானமா, சாயங்காலமான்னு கேளுங்க. அதே வரிசையில. டாக்டர் அப்படித்தான் கேட்டாரு. நான் திரும்பிக்கிட்டேன்.

ம். கேட்டுட்டீங்களா.

என்ன, சத்தமே இல்ல. யோசிக்கிறாளா? யோசிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. டாக்டரும் நேரம் குடுப்பாரு.

என்னமோ பேசுறா மாதிரி இருக்கே. எனக்குக் கேக்கல, இந்த வண்டிச் சத்தத்துல. உங்க காதுல சொல்றாளா? அட, இவ்வளவு நேரம் பேசுறாளே. எங்கிட்ட இத்தனை வார்த்தை பேசி எத்தனை மாசம் ஆச்சு. பேசட்டும், பேசட்டும். நான் திரும்பல.

முடிஞ்சுதா? என்ன சொன்னா தம்பி?

ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க. பதில் தப்பா? தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, நான் என்ன உங்களையா கோவிக்கப் போறேன். அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே சொல்லுங்க. மழுப்பாதீங்க. எனக்கு மழுப்புறது பிடிக்காது.

"முன்னாடியெல்லாம் எங்க வீட்டுக்காரர் எந்த நேரம் எந்த ஊரைத் தாண்டிப் போறாகன்னு எனக்குத் தெரியும்"னாளா. ம். அது சரிதான். தெரியும் அவளுக்கு. சொல்லுங்க.

"இப்ப ஒரு வாத்தியார் வீட்டுக்கு வர்றாரு. அவர் அதைச் சொல்லக் கூடாதுங்கிறாரு. சொன்னா அடிக்கிறாரு"ன்னாளா.

ம்.

"சொல்லாம இருந்து இருந்து, இப்ப அவுக எங்க இருக்காகன்னே எனக்குத் தெரியல தம்பி. எங்க போய்த் தேடுறதுன்னு தெரியல."

அப்படியா சொன்னா.

வேற என்ன? இருக்கு, நீங்க முழுங்குறீங்க. சொல்லிருங்க. "இதை அந்த வாத்தியார்கிட்ட சொல்லிறாதீங்க"ன்னாளா. என்னைக் கையைக் காட்டியா சொன்னா? இந்த ஓரத்துல உக்காந்திருக்காரேன்னு.

சரி.

நீங்க என்ன தம்பி செய்வீங்க, நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. எந்திரிங்க. நான் அங்க வர்றேன். கொஞ்சம் வழி விடுங்க.

சௌந்தரம். ஏய், சௌந்தரம். இங்க பாரு, நான்தான். அய்யாத்துரை. பயப்படாத, நோட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. மணி பத்து முப்பத்தஞ்சு ஆச்சு தாயி. ஒன்பது இருபதுக்கு ஸ்டாண்டுல எடுத்தாச்சு. இப்ப எத்தனாவது சிங்கிள் போகுது? வண்டி எந்த ஊர்கிட்ட போகுது? நீ சொல்லு. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல. சிங்கிள்னு சொல்லு, ஒரு தடவை சொல்லு. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். உனக்குத் தெரியும் இது. டாக்டருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். சொல்லுத்தா.

கையை ஏன் முந்தானைக்குள்ள வைக்கிற?

தம்பி, காலைங்கிறா. என் உதட்டைக்கூடப் பாக்கல. குனிஞ்சுக்கிட்டே, "காலை, சார்"ங்கிறா.

சரியான பதில்தான். டாக்டர் முழு மார்க்கு போடுவாரு.